விசில் சத்தத்தை வெட்டாதீங்க சாமி!

"எவன்டா மாப்ள உள்ள உக்காந்து பாத்திரம் கழுவுறான்?"

போன வாரம் ஹாஸ்டலில் என் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தது பில் எவன்ஸ் என்ற அமெரிக்கப் பியானோக்காரரின் ஜாஸ் ஆல்பம். 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற கிளப். தரைக்குக் கீழே இருக்கும் சின்ன இடம். மேடையில் மூன்றே பேர். அவர்கள் வாசிக்கிறார்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், கிளாஸோடு கிளாஸ் மோதுகிறது. அதெல்லாம் அப்படியே பதிவாகியிருக்கிறது. பாத்திரம் கழுவுவது மாதிரி நம்மாளுக்குக் கேட்டது அதுதான்.

"ஸ்டுடியோல வாசிச்சது ஏதாச்சும் இருந்தா போடு. கிளியரா இருக்கும்" என்றான். அன்றைக்கு முறைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அவன் கேட்டதற்கு முழுப் பதில் இதோ. (டேய், நீயும் படிப்பாய் என்று தெரியும். படி.)

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டு அல்லது வாசிப்பு, நடந்த இடத்தில், நடந்த நேரத்தில், கேட்ட ஜனங்களோடு சேர்த்துப் பதிவாவதுதான் லைவ் ரெக்கார்டிங். அதில் இருமல் கேட்கும், விசில் கேட்கும், தப்பு ஸ்வரம் கேட்கும். அதையெல்லாம் அழுக்கு என்று சொல்லித் துடைக்கிறவர்கள் பாட்டைச் சுத்தம் செய்யவில்லை, சாட்சியை அழிக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்தாலும் சின்னமனூரில் நடந்தாலும் எனக்கு இது ஒன்றுதான்.

பில் எவன்ஸோடு அன்றைக்கு பாஸ் வாசித்தவர் பெயர் ஸ்காட் லஃபாரோ. வயது 25. அந்த ஞாயிறு கழிந்து பதினோராவது நாள், ஜூலை 6ஆம் தேதி, கார் விபத்தில் இறந்துபோனார். "இன்னிக்குக் கூட்டம் பேசிக்கிட்டே இருக்கு, அடுத்த மாசம் அமைதியா ஒரு ஸ்டுடியோல எடுத்துக்கலாம்" என்று யாராவது ஒரு புத்திசாலி அன்றைக்குச் சொல்லியிருந்தால்? அந்த மூன்று பேரின் அந்த வாசிப்பு இன்றைக்கு நமக்கு இல்லை. கிளாஸ் சத்தம் இல்லாத பதிவு வேண்டுமா, பதிவே வேண்டாமா? கேள்வி இவ்வளவுதான்.

இதை நான் அமெரிக்கக் கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எனக்கு இந்தக் கோபம் வந்தது நியூயார்க்கால் இல்லை, எங்கள் தாத்தாவால்.

* * *

என் அம்மாவின் அப்பா நாயனக்காரர். கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரில் இருந்து தேனி வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று வாசித்தவர். பெரிய வித்வான் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ரேடியோவில் வந்ததில்லை, கேசட் போட்டதில்லை. ஆனால் பெண்ணழைப்பு ராத்திரியில் தெருமுனையில் நின்று அவர் ஒரு ராகத்தைப் பிடித்தால், சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள் கையைக் கழுவாமல் எழுந்து வருவார்கள் என்று பாட்டி சொல்லும். பாட்டி கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கும். எவ்வளவு கூட்டியது என்று சரிபார்க்க எனக்கு வழியில்லை. அதுதான் என் பிரச்சினையே.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது தாத்தா போய்விட்டார். அதற்கு முன்பே பல் போய், மூச்சு போய், வாசிப்பதை நிறுத்திவிட்டார். அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை.

போன வருஷம் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. 2002இல் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குத் தாத்தாதான் மேளம். அந்த வீட்டில் கல்யாண வீடியோ இருக்கும். கேட்டோம். நல்ல மனுஷங்க, பீரோவில் சேலைக்கு அடியில் இருந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அதை பென் டிரைவில் மாற்றிக்கொண்டு வந்து, வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம்.

தாத்தா வந்தார். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, கழுத்தில் சங்கிலி. இரண்டு கன்னமும் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். பக்கத்தில் தவில்காரர் தலையை ஆட்டுகிறார். காமிரா அவர் முகத்துக்குக் கிட்டே போகிறது.

பின்னால் ஓடுவது ஒரு சினிமா டூயட்.

ஆமாம். வீடியோக் கடையில் 'மிக்ஸிங்' செய்தபோது சத்தம் மொத்தத்தையும் எடுத்துவிட்டு, அந்த வருஷத்து ஹிட் பாட்டுகளை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு, மேளக்காரர்களைக் காட்டும்போது ஒரு பாட்டு. மூன்று மணி நேர வீடியோவில் ஒரிஜினல் சத்தத்தை விட்டுவைத்த ஒரே இடம் தாலி கட்டும் இடம். கெட்டிமேளம். எண்ணிப் பார்த்தேன், 14 விநாடி. அதிலும் தவில் சத்தம்தான் மேலே நிற்கிறது. அடியில் எங்கேயோ ஒரு நாயனம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

எழுபது வயது வரைக்கும் வாழ்ந்த ஒரு நாயனக்காரரின் சத்தம் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது 14 விநாடி.

ஒரிஜினல் கேசட் இருக்குமா என்று வீடியோக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் அடுத்த கல்யாணத்துக்கு அதுமேலயே எடுத்துருவோம் தம்பி. கேசட் விலை என்னா?" அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஊர் கேட்டதைத்தான் அவர் செய்தார். வெறும் மேளச் சத்தத்தோடு கொடுத்திருந்தால், "என்னாங்க பாட்டே போடல" என்று காசைக் குறைத்திருப்பார்கள்.

நம் ஊர் விநோதத்தைப் பாருங்கள். 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கன்னத்தை உப்பவைத்து நடிப்பார், சத்தம் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களுடையது. அது நடிப்பு, அதைக் கைதட்டி ரசித்தோம். என் தாத்தா நிஜமாகவே வாசித்தார். அவருக்கும் அடுத்தவர் சத்தத்தைப் போட்டு அவரையும் நடிகராக்கிவிட்டார்கள்.

* * *

இப்போது எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"லைவ்ல தப்பு வரும். ஸ்டுடியோல திருத்தலாம்."

வரும்தான். 1975 ஜனவரி 24, ஜெர்மனியில் கொலோன் நகர ஆப்பரா ஹவுஸ். கீத் ஜாரெட் தனியாகப் பியானோ வாசிக்க வந்தார். கச்சேரியை ஏற்பாடு செய்தது 18 வயதுப் பெண், கிட்டத்தட்ட நம் வயது. கேட்டிருந்த பியானோ வரவில்லை. ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ ஒன்றுதான் மேடையில் இருந்தது. மேல் ஸ்வரங்கள் தகரம் மாதிரி, கீழ் ஸ்வரங்களுக்குக் கனமே இல்லை. அவர் வாசிக்கமாட்டேன் என்று கிளம்பி, பிறகு மனசு மாறி உட்கார்ந்தார். சத்தம் நன்றாக வரும் நடுப்பகுதியிலேயே சுற்றிச் சுற்றி, இடது கையில் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, எழுதிவைக்காத இசையை ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். உலகத்திலேயே அதிகம் விற்ற பியானோ ஆல்பங்களில் அது ஒன்று. நல்ல பியானோ கிடைத்திருந்தால் அந்த வாசிப்பே வந்திருக்காது.

ராக் பக்கம் போனால், தி ஹூ குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்'. 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டு ஹாலில் எடுத்தது. (சாப்பாட்டு ஹால் மக்களே! நம் மெஸ்ஸை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.) பதிவில் கரகரவென்று சத்தம் இருந்தது. இசைத்தட்டின் நடுவில் ஒட்டும் லேபிளிலேயே, இந்தக் கரகரப்பு இருக்கட்டும், யாரும் சரிசெய்ய வேண்டாம் என்று கையால் எழுதி அச்சடித்துவிட்டார்கள். அந்தத் துணிச்சல் நமக்கு வேண்டும்.

"நம்ம இசைக்கு லைவ் ஆல்பம் எல்லாம் ஒத்துவராது. நம்மது சினிமாப் பாட்டு, ஸ்டுடியோ சமாசாரம்."

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டு இதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பண்ணைப்புரம். 1943இல் அங்கே பிறந்த ராசய்யா, இளையராஜா ஆவதற்கு முன் எங்கே இசை கற்றார்? மேடையில். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் 14 வயதில் சேர்ந்து, கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போனவர். 1958இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்து ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தாரே, அந்தத் தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் மத்தியில் பாவலர் பாடியதை இன்றும் கதை கதையாகச் சொல்கிறார்கள்.

சொல்கிறார்கள். அவ்வளவுதான். அந்த மேடைகளில் ஒரு ராத்திரி முழுவதையும் கூட்டத்தின் சத்தத்தோடு காதால் கேட்டு வளர்ந்தவர் நம் தலைமுறையில் யார்? 1958இல் நம் மலைக்காட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர் இல்லை என்றால் அது யாருடைய குற்றமும் இல்லை. இன்றைக்கு ஆடு மேய்க்கிறவர் சட்டைப்பையில்கூட ஒரு ரெக்கார்டர் இருக்கிறது. இன்றைக்கும் காணாமல் போனால் அது நம் குற்றம்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1976இல் 'அன்னக்கிளி' வந்த காலத்துச் சினிமாப் பாட்டைப் பாதி லைவ் என்றே சொல்லலாம். வயலின்காரர்கள், தபலா, புல்லாங்குழல், பாடகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடி வாசிப்பார்கள். ஒருவர் தப்புவிட்டால் மறுபடி முதலில் இருந்து. ஒருவர் மூச்சு மற்றவருக்குத் தெரியும். அந்தப் பாட்டுகளில் இருக்கும் உயிருக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி. ஆளுக்கொரு நாள் வந்து, தனித்தனி அறையில் வாசித்து, கம்ப்யூட்டரில் ஒட்டவைப்பது பிறகு வந்த பழக்கம்.

ராஜாவே மேடைக்கு வந்தபோது என்ன நடந்தது? 2004இல் இத்தாலியில் மொதேனா நகரத்துத் தியேட்டரில் வாசித்த கச்சேரி ஆல்பமாகவே வந்திருக்கிறது. 2005 அக்டோபர் 16 சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்தில் நான்கு மணி நேரம். மேடையில் யாராவது பிசகினால் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொல்வது அவர் வழக்கம். கூட்டம் கோபித்துக்கொள்கிறதா? கைதட்டுகிறது! ஏனென்றால் அந்த ஒரு நிறுத்தலில், இது நிஜமாகவே இப்போது நம் கண் முன்னால் நடக்கிறது என்று புரிந்துவிடுகிறது. அந்த இடத்தை எடிட்டிங்கில் வெட்டுகிறவனை என்ன சொல்வது?

இதையும் யோசியுங்கள். 1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவை வைத்து அவர் ஒரு சிம்பொனி பதிவு செய்தார். அது வெளிவரவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம், கேட்கவில்லை. அவர் பிறகு எழுதிய வேறொரு சிம்பொனி, 'வேலியன்ட்', 2025 மார்ச் 8 அன்று லண்டன் மேடையில் ஜனங்கள் முன்னால் அரங்கேறியது. ஒன்று சுத்தமான பதிவாகப் பெட்டிக்குள் இருக்கிறது. மற்றொன்று ஒரு சாயங்காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் காதுக்குள் போய்விட்டது.

"ஸ்டுடியோன்னா உனக்குக் கேவலமா?"

இல்லவே இல்லை. 'ஹவ் டு நேம் இட்' (1986) ஸ்டுடியோவில் செய்ததுதான், மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். பீட்டில்ஸ் 1966இல் மேடையை விட்டார்கள், 1967இல் 'சார்ஜன்ட் பெப்பர்' வந்தது. அந்த இசை மேடையில் பிறந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டுடியோ ஒரு கலை, மேடை வேறொரு கலை. ஸ்டுடியோவின் சுத்தத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு மேடையை அளக்காதே என்பதுதான் என் சண்டை.

* * *

சுத்தத்தைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பொய் லைவ்.

இதில் வெள்ளைக்காரனும் யோக்கியன் இல்லை. டியூக் எலிங்டன் குழு 1956 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்தது. நள்ளிரவு நெருங்குகிறது. பால் கொன்சால்வஸ் என்ற சாக்ஸபோன்காரர் எழுந்து, நடுவில் நிற்காமல் 27 சுற்று வாசித்தார். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்தாள். பிறகு மொத்தக் கூட்டமும். நம் ஊர்த் திருவிழாவில் உருமி ஏறும்போது ஒரு ஆளுக்குச் சாமி வந்தால், பக்கத்தில் வரிசையாக நாலு பேருக்கு வருமே, அதேதான்.

ஆனால் கொன்சால்வஸ் ரெக்கார்டிங் கம்பெனி மைக்கை விட்டுவிட்டு வேறு மைக்கில் வாசித்துவிட்டார். அந்த மைக் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியுடையது. மற்ற சில பாட்டுகளும் திருப்தியாக இல்லை என்று, குழுவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் மறுபடி வாசிக்கவைத்து, கைதட்டலை ஒட்டவைத்து, 'அட் நியூபோர்ட்' என்று விற்றார்கள். நாற்பது வருஷம் உலகம் அதை லைவ் என்று நம்பியது. பிறகு வானொலிக்காரர்கள் எடுத்த டேப் கிடைத்து, 1999இல்தான் நிஜமான கச்சேரி முழுசாக வெளிவந்தது. யாரோ ஒருவர் அந்த டேப் மேல் அடுத்த கல்யாணத்தை எடுக்கவில்லை என்பதால் அது பிழைத்தது.

ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறைச்சாலையில் கைதிகள் முன்னால் பாடியது இன்னொரு கதை. அதில் ஒரு கொலையைப் பற்றிய வரி வந்ததும் கைதிகள் ஆரவாரம் செய்வது ஆல்பத்தில் கேட்கும். கேட்டுக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம். அந்த ஆரவாரம் பிறகு சேர்த்தது! நிஜத்தில் கைதிகள் அந்த இடத்தில் அடக்கமாக இருந்தார்கள். காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொலைக்கு யார் கைதட்டுவது? யோசித்துப் பார்த்தால் அந்த மௌனம்தான் பயங்கரம். அதை எடுத்துவிட்டு மலிவான விசிலை வைத்துவிட்டார்கள். ஆகவே என் தலைப்பில் ஒரு திருத்தம்: அடித்த விசிலை வெட்டாதே, அடிக்காத விசிலை ஒட்டாதே.

இப்போது நம்மூர். இன்றைக்கு எத்தனை 'லைவ்' கச்சேரிகளில் டிரம்ஸும் வயலினும் லேப்டாப்பில் இருந்து வருகின்றன என்று, மேடைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கீபோர்டு வைத்திருப்பவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுகிறார், கீபோர்டு தானாக வாசிக்கிறது! திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் பத்துப் பேர் வாசித்த இடத்தில் இன்றைக்கு இரண்டு பாடகர்கள், ஒரு பென் டிரைவ். எங்கள் பக்கத்துத் தெருவில் டோலக் வாசித்த ஒரு அண்ணன் இப்போது ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறார். "டிராக்குக்குச் சாப்பாடு போட வேண்டியதில்லைல்ல தம்பி" என்றார். செலவுக் கணக்கு எனக்கும் புரிகிறது, விழாக் கமிட்டிக்கு ஆயிரம் கஷ்டம். ஆனால் போஸ்டரில் 'லைவ்' என்று போடாதீர்கள். டிராக்கில் பாடுவது என்று போடுங்கள். யார் வருகிறார்கள் பார்ப்போம்.

* * *

ஜாஸுக்கும் நாயனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நிறையச் சம்பந்தம். இரண்டிலும் அந்த நிமிடத்தில் தோன்றுவதுதான் வாசிப்பு. பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தார் என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள், இசைத்தட்டில் அந்த மணிக்கணக்கு எப்படி அடங்கும்? அமெரிக்காவிலும் அதே சிக்கல். நீளமாக ஓடும் தட்டு வந்த பிறகுதான், 1961 நவம்பரில் ஜான் கோல்ட்ரேன் அதே வில்லேஜ் வான்கார்டில் ஒரே பாட்டைப் பதினாறு நிமிடம் வாசித்தது அப்படியே வீட்டுக்கு வந்தது.

இந்த இரண்டும் ஒரே மேடையில் சேர்ந்ததும் நடந்திருக்கிறது. 1975 ஜூலை 5, நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் 'சக்தி' குழுவின் கச்சேரி. ஜான் மெக்லாஃப்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ஆர். ராகவன் மிருதங்கம், நம்ம விக்கு விநாயக்ராம் கடம். அவர்களுடைய முதல் ஆல்பமே இந்த லைவ் பதிவுதான். ஸ்டுடியோவுக்குள் போகாமல் நேராக மேடையையே உலகத்துக்குக் காட்டினார்கள். ஒரு மண்பானை அந்தக் கூட்டத்தை என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கர்நாடக சங்கீதத்தில் பழைய கச்சேரிகள் இன்றைக்குக் கேட்கக் கிடைப்பதற்குப் பெரிய காரணம், மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்த ரசிகர்கள். நாயனத்துக்கும் கரகாட்டத்துக்கும் உருமிக்கும் அப்படி உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? தேனி குஞ்சரம்மாள் என்ற பெயரைக் கேட்டால் 'காதலன்' (1994) படத்துப் 'பேட்டை ராப்' என்கிறோம். அப்படிப்பட்ட ஒரு குரலை ஒரு சினிமாப் பாட்டின் நடுவில் சில வரிகளில்தான் நமக்குத் தெரியும் என்றால், இழப்பு யாருக்கு?

* * *

திட்டியது போதும். என்ன செய்யலாம் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

சித்திரை வந்தால் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா. முல்லையாற்றங்கரையில் ராத்திரி பகலாகக் கொட்டுச் சத்தம். நம் கிளாஸில் பாதிப்பேர் போவீர்கள், முப்பது விநாடி ரீல் எடுப்பீர்கள், அதற்கும் மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போடுவீர்கள். 2002இல் வீடியோக் கடைக்காரர் செய்ததை இப்போது நாமே இலவசமாகச் செய்கிறோம்.

இந்தத் தடவை ஒரே ஒருவராவது ஒரு முழு வாசிப்பை எடுங்கள். நாயனத்துக்கு நேர் முன்னால் போய் நிற்காதீர்கள், சத்தம் தாங்காமல் பதிவு உடையும். பதினைந்து இருபது அடி தள்ளி நில்லுங்கள். போனில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மனிதர் பேசுவதற்காகச் செய்தது. ஒரே சீராக ஓடும் சுருதியை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். மைக்செட்காரர் பழக்கம் என்றால் மிக்ஸரில் இருந்தும் ஒரு பதிவு கேளுங்கள். ஆனால் அதில் மைக்குக்குள் போனது மட்டும்தான் வரும், கூட்டம் வராது. இரண்டும் இருந்தால் உத்தமம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று விட்டுவிடாமல் முழு ஃபைலையும் பத்திரப்படுத்துங்கள். தேதி, ஊர், வாசித்தவர்கள் பெயர், மூன்றையும் எழுதிவையுங்கள். தவில்காரர் பெயரையும்.

முக்கியமாக, வாசிப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், முதல் பிரதியை அவருக்கே கொடுங்கள். அவர் வாசிப்பை வைத்துக் காசு பார்க்கும் வேலை வேண்டாம். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு 1984இல் கச்சேரிக்கு வரும் பதிவாளர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. விற்கக் கூடாது, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அங்கே நியாயம். அவர்கள் கச்சேரிகள் ஆயிரக்கணக்கில் பிழைத்தது அப்படித்தான்.

கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோவில் என்ன பாட்டு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் ஒரிஜினல் சத்தத்தோடு ஒரு பிரதியை வாங்கி வைத்துவிடுங்கள். இன்றைக்கு அதற்கு இடம்கூடத் தேவையில்லை, ஒரு மெமரி கார்டு.

பழைய கேசட் வைத்திருப்பவர்களே, தூக்கிப் போடாதீர்கள். 1980, 90களில் கம்பம், சின்னமனூர், போடி, உத்தமபாளையம் பக்கம் எடுத்த கல்யாண கேசட்டோ, மைக்செட்காரர் எடுத்த கச்சேரி கேசட்டோ, மிக்ஸிங் செய்யாதது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வந்து மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம். அதில் வெள்ளை வேட்டியும் கழுத்தில் சங்கிலியுமாக, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன்.

கரகரப்பு இருந்தால் பரவாயில்லை. யாராவது உள்ளே உட்கார்ந்து பாத்திரம் கழுவினாலும் பரவாயில்லை :-)